பாக்குக்கு எத்தனை பெயர்: ஒரு நிதித் தரவுத்தளத் தேடலின் நிகழ்வு ஆய்வு

பல் மருத்துவக் கல்லூரி ஒன்றில் எனக்கு நூலகர் வேலை. போன வருடம் ஒரு மதியம், சமூகப் பல் மருத்துவத் துறையிலிருந்து ஓர் இளம் விரிவுரையாளர் கையில் நான்கு பக்கங்களோடு வந்தார். பாக்கு மெல்லும் பழக்கத்தை விடவைக்க ஓர் ஆலோசனைத் திட்டம் உருவாக்க வேண்டும் என்பது அவர் யோசனை, அதற்கு நிதி கேட்டு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தார். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரிக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தது. பாக்குப் பழக்கத்தை விடவைக்கும் ஆய்வுக்கு அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள், அதாவது என்ஐஎச், இதுவரை நிதி கொடுத்ததாகத் தெரியவில்லை என்ற வரி அது.

"சார், இந்த வரிக்கு ஆதாரம் வேணும். நான் தேடிப் பாத்துட்டேன், ஒண்ணும் வரலை. நீங்களும் ஒரு தடவை பாத்து சரின்னு சொல்லிட்டா அப்படியே போட்டுடுவேன்."

"எங்கம்மா தேடினீங்க?"

"ரிப்போர்ட்டர்லதான் சார்."

"என்ன சொல் போட்டீங்க?"

தாம்பூலத்தைக் குறிக்கும் பீட்டல் க்விட், வாய்ப் புற்றுநோயைக் குறிக்கும் ஓரல் கேன்சர், புகையிலையை நிறுத்துவதைக் குறிக்கும் டொபாக்கோ செசேஷன். மூன்றும் சேர்ந்து இருக்க வேண்டும் என்று நடுவில் ஆண்ட். ஒரே திட்டம் பலமுறை வந்து குழப்புகிறதே என்று, பெரிய திட்டங்களுக்குள் அடங்கிய துணைத்திட்டங்கள் வேண்டாம் என்ற பெட்டியில் ஒரு டிக். ஆண்டுப் பெட்டியை அவர் தொடவில்லை. அவ்வளவுதான் தேடல்.

அந்த வரி தவறு. அது தவறு என்று கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு வாரம் ஆனது. அவர் செய்த தேடலில் முட்டாள்தனம் ஒன்றுமில்லை, படித்த எவரும் முதலில் அப்படித்தான் தேடுவார்கள், நானும் அப்படித்தான் தொடங்கியிருப்பேன். அதனால்தான் அந்த ஒரு வாரத்தை விவரமாக எழுதி வைக்கிறேன்.

முதலில் ரிப்போர்ட்டர் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். என்ஐஎச் ஒரே அலுவலகம் இல்லை, 27 நிறுவனங்களும் மையங்களும் சேர்ந்தது. புற்றுநோய்க்கு ஒன்று, பல்லுக்கும் முகத்துக்கும் ஒன்று, சிறுபான்மையினர் நலத்துக்கு ஒன்று என்று போகும். இவை நிதி கொடுத்த திட்டங்களின் பொதுப் பதிவேடுதான் ரிப்போர்ட்டர், 2009-இல் வந்தது. அதற்கு முன் கிரிஸ்ப் என்ற பழைய தரவுத்தளம் இதே வேலையைச் செய்துகொண்டிருந்தது, அதன் பதிவுகளும் இதற்குள் வந்துவிட்டதால் 1985 வரை பின்னால் போய்ப் பார்க்கலாம். காசு கொடுக்காமல் யார் வேண்டுமானாலும் திறக்கலாம். ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு தலைப்பு, ஓர் ஆய்வுச்சுருக்கம், அப்புறம் ப்ராஜெக்ட் டெர்ம்ஸ் என்ற ஒரு சொற்பட்டியல் இருக்கும். இந்த மூன்றில் எதில் தேட வேண்டும் என்று நாமே குறிக்கலாம்.

அந்த மூன்றாவதுதான் கட்டுப்பாட்டுச் சொல் என்று எங்கள் தொழிலில் சொல்வது. ஒரு பொருளுக்கு ஊரில் பத்துப் பெயர் இருக்கும். அதில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற ஒன்பதையும் அந்த ஒன்றை நோக்கித் திருப்பிவிட்டால், தேடுபவர் எந்தப் பெயரோடு வந்தாலும் ஒரே வாசலில் போய் நிற்பார். தலைப்பிலும் சுருக்கத்திலும் ஆய்வாளர் தன் போக்கில் எழுதியிருப்பது இயல்மொழி, அங்கே பத்துப் பெயரும் பத்தாகவே கிடக்கும். பாடப்புத்தகத்தில் இதைப் படிக்கும்போது கட்டுப்பாட்டுச் சொல் ஒழுங்கு, இயல்மொழி குழப்பம் என்று மனதில் பதிந்துவிடுகிறது. வேலையில் அப்படி இல்லை.

மறுநாள் காலை அவரை உட்காரவைத்து இரண்டு பதிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்தேன். ஒன்று 1990-களில் வாய்ப் புற்றுநோய் பற்றியது, இன்னொன்று சமீபத்தியது. பழையதில் சொற்பட்டியல் ஒரு கைப்பிடிதான், எல்லாம் சின்ன எழுத்தில், ஹியூமன் சப்ஜெக்ட், கிளினிக்கல் ரிசர்ச், டிஷ்யூ சாய்கோடு செல் கல்ச்சர் என்ற மாதிரி. யாரோ ஒருவர் விண்ணப்பத்தைப் படித்து, இது எதைப் பற்றியது என்று யோசித்து, தெசாரஸ் என்ற ஏற்றுக்கொண்ட சொற்களின் தொகுப்பைப் புரட்டிப் பார்த்துப் போட்ட சொற்கள் அவை. புதியதில் பட்டியல் ஒரு பத்தி நீளம், அகரவரிசையில் கொட்டிக் கிடந்தது. அட்ரஸ், அஃபெக்ட், ஏரியா, கோல்ஸ், நாவல், டெஸ்டிங்.

"இதெல்லாம் என்ன சார்? நாவல்னா கதையா?"

கதை இல்லை. புதுமையான அணுகுமுறை என்று சுருக்கத்தில் எங்கோ எழுதியிருப்பார்கள், அந்த நாவல். இதே மாதிரி புதிய பட்டியல்களில் அக்கவுண்டிங் என்ற சொல் அடிக்கடி கண்ணில் படும். கணக்கு வழக்குக்கும் அந்தத் திட்டத்துக்கும் சம்பந்தம் இருக்காது, புற்றுநோய்ச் சாவுகளில் இத்தனை பங்கு இதனால் என்று சொல்ல ஆங்கிலத்தில் அந்த வினையைப் பயன்படுத்தியிருப்பார்கள், அதை மென்பொருள் எடுத்துப் பட்டியலில் போட்டிருக்கும்.

என்ன நடந்தது என்றால், 2008-ஆம் நிதியாண்டுக்கு முந்தைய பதிவுகளுக்குச் சொல் போட்டவர்கள் மனிதர்கள். அந்த ஆண்டு முதல் தலைப்பு, சுருக்கம், ஆய்வின் குறிக்கோள்கள் மூன்றையும் ஒரு மென்பொருள் மேய்ந்து, தன் தெசாரஸில் இருக்கும் சொற்கள் தட்டுப்பட்டால் எடுத்து வைக்கிறது. எந்த நோய்க்கு எவ்வளவு செலவாகிறது என்று ஒரே அளவுகோலில் சொல்லுங்கள் என 2006-இல் அமெரிக்க நாடாளுமன்றம் கொண்டுவந்த சீர்திருத்தச் சட்டம் கேட்டது, ஆயிரக்கணக்கான திட்டங்களை ஒரே மாதிரி வகைப்படுத்த ஆளை வைத்து முடியாது என்பதால் இந்த ஏற்பாடு வந்தது. அதை நான் குறை சொல்லவில்லை. செலவுக் கணக்குக்கு அது பொருத்தமான கருவி. ஆனால் 1985-இலிருந்து இன்றுவரை ஒரே பட்டியல், ஒரே கை என்று நினைத்துக்கொண்டு அந்தப் புலத்தில், அதாவது பதிவின் சொற்பட்டியல் பகுதியில் மட்டும் தேடினால், பாதி வழியில் சொல் போடும் ஆளும் முறையும் மாறியது தெரியாமல் தேடுகிறோம். 2008 என்ற கோட்டை நோட்டில் சிவப்பு மையால் போட்டுக்கொண்டோம். அந்தக் கோட்டுக்கு முன்னால் ஒரு தேடல், பின்னால் ஒரு தேடல், இரண்டையும் கலக்கக் கூடாது என்று முடிவு செய்தோம்.

இனி பாக்குக்கு வருகிறேன்.

நம் ஊரில் வெற்றிலை வேறு, பாக்கு வேறு, சுண்ணாம்பு வேறு, புகையிலை வேறு. மூன்றும் நான்கும் சேர்ந்தால் தாம்பூலம். பாட்டி மடியில் உட்கார்ந்து பாக்குவெட்டி பார்த்த எந்தக் குழந்தைக்கும் இது தெரியும். ஆங்கிலத்தில் பாக்கைப் பீட்டல் நட் என்கிறார்கள். பீட்டல் என்பது நம் வெற்றிலைதான், மலையாளத்து வெற்றில போர்த்துகீசியர் வாயில் புகுந்து அப்படி ஆனது. ஆக பீட்டல் நட் என்றால் வெற்றிலைக்கொட்டை, அப்படி ஒரு பொருளே கிடையாது. சரியான பெயர் அரிக்கா நட், அதுவும் நம் அடைக்காய்தான், மலையாளத்து அடைக்க வழியாகப் போனது. இரண்டு சொல்லும் இங்கிருந்து கப்பல் ஏறிப் போய், அங்கே இலையின் பெயர் கொட்டைக்கு ஒட்டிக்கொண்டு, அந்தப் பிசகு நானூறு ஐந்நூறு வருடம் கழித்து ஒரு தரவுத்தளத்தில் எங்கள் காலைத் தடுக்கிவிட்டது. இதைச் சொன்னபோது அந்த விரிவுரையாளர் நோட்டை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சிரித்தார், எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அப்புறம் உட்கார்ந்து எல்லாப் பெயரையும் எழுதினோம். பீட்டல் நட், அரிக்கா நட், இந்தியாவில் இடைவெளி இல்லாமல் ஒரே சொல்லாக எழுதும் அரிக்கநட், பீட்டல் க்விட், நடுவில் கோடு போட்ட பீட்டல்-க்விட். உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 1985-லும் 2004-லும் வெளியிட்ட தொகுதிகளின் தலைப்பிலேயே கோடு போட்ட வடிவம்தான் இருக்கிறது. 1985-இல் புகையிலை சேர்ந்த தாம்பூலத்தைத்தான் புற்றுநோய் உண்டாக்குவது என்று உறுதியாகச் சொன்னார்கள், 2004 தொகுதியில்தான் புகையிலை இல்லாத தாம்பூலமும் வெறும் பாக்கும்கூட புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற முதல் வகுப்பில் சேர்ந்தன. அதாவது ஆய்வு உலகின் பேச்சே அந்த இடைவெளியில் மாறியது, பழைய திட்டங்களில் பாக்கு பெரும்பாலும் புகையிலையின் நிழலில் நிற்கும். குட்கா, அதை எச் சேர்த்தும் சேர்க்காமலும். சுபாரி. பான் மசாலா. பாப்புவா நியூகினியில் புவாய். குவாமில் புகுவா. பாக்கில் இருக்கும் ஆல்கலாய்டு வேதிப்பொருளான அரிக்கோலின். இரண்டு பக்கம் நிறைந்தது.

ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் போட்டுப் பார்த்தோம். முதலிலேயே எல்லாவற்றையும், ஏதாவது ஒன்று இருந்தால் போதும் என்று ஆர் போட்டு ஒன்றாகக் கட்டிவிட்டால் எது நெல் எது பதர் என்று தெரியாது. இந்தக் கட்டத்துக்கு இரண்டு நாள் போனது, ஆனால் அதிகம் கற்றுக்கொண்டது இங்கேதான்.

நட் என்ற சொல்லைத் தனியாக விட்டால் என்ன ஆகும் என்று அவருக்குக் காட்ட மேற்கோள்குறி இல்லாமல், ஆர் என்ற விதியில் பீட்டல் நட் என்று போட்டேன். கொட்டை ஒவ்வாமை பற்றிய திட்டங்கள் வந்து நின்றன, வேர்க்கடலை, முந்திரி, குழந்தைகள், ஊசி. அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது நட் கார்சினோமா. விரை சார்ந்த ஒரு புரதத்தின் ஆங்கிலச் சுருக்கெழுத்து அது, பாக்குக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனால் அந்தப் புற்றுநோய் அதிகம் வருவது தலை, கழுத்து, மார்பின் நடுப்பகுதியில். ஆகவே நட் என்று போட்டு, தேவையில்லாத பதிவுகளைக் குறைக்கலாம் என்று தலை கழுத்துப் புற்றுநோயை ஆண்ட் போட்டு இறுக்கினால், சம்பந்தமில்லாத அந்தத் திட்டங்கள்தான் முன்னால் வரும். இறுக்க இறுக்கத் தவறு கெட்டிப்படுகிற இடம் இது. மேற்கோள்குறிக்குள் போட்டதும் எல்லாம் சரியானது.

பான் இன்னும் மோசம். ஏ ஒன்றோடு எழுதினால் பான்-கேன்சர், பான்-ஜீனோம் என்று எல்லாவற்றையும் தழுவிய என்ற பொருளில் வருகிற முன்னொட்டு, போதாததற்குச் சிம்பன்சியின் அறிவியல் பெயர் பான் ட்ரோக்ளோடைட்ஸ். இரண்டு ஏ போட்டு எழுதினால்தான் நம் பான், அதையும் பான் மசாலா என்று முழுதாகக் கட்டினால்தான் நிம்மதி. அரிக்கோலின் வேறு மாதிரி ஏமாற்றும். அது நரம்புச் செய்தியைக் கடத்தும் ஏற்பிகளைத் தூண்டும் பொருள் என்பதால் மருந்தியல் ஆய்வகங்களில் வெகுகாலமாகப் புழங்குகிறது, அல்சைமர் நோயில் நினைவாற்றலுக்கு உதவுமா என்றுகூடச் சோதித்திருக்கிறார்கள். ஆகவே பழைய வருடங்களில் அரிக்கோலின் என்று தேடினால் மூளையும் எலியும்தான் வரும், வாய் வராது. ஆனாலும் அந்தச் சொல்லை நான் தள்ளவில்லை. பாக்கு ஏன் விடமுடியாத பழக்கமாகிறது என்பதற்கு விடை அந்தப் பக்கம்தான் இருக்கிறது. 2015-இல் ஃப்ளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அரிக்கோலின் நிகோட்டின் ஏற்பிகளிலும் வேலை செய்கிறது என்று காட்டினார்கள், விடவைக்கும் ஆலோசனை எழுதப் போகிற ஒருவர் இதைத் தெரிந்துகொள்ளாமல் எப்படி எழுதுவது.

மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் நட்சத்திரக்குறி போட்டுச் சொல்லைப் பாதியில் வெட்டித் தேடும் வசதி உண்டு, அங்கே இன்னொரு குழி. பாக்கு மரத்தின் அறிவியல் பெயரில் கேட்டச்சு இருக்கிறதே என்று அதை வெட்டிப் போட்டால் கேட்டகோலமைன், கேட்டச்சின் எல்லாம் அணைக்கட்டு திறந்த மாதிரி வரும். தேயிலையில் இருக்கும் கேட்டச்சினுக்கு அந்தப் பெயர் வந்ததே நாம் தாம்பூலத்தில் சேர்க்கும் காசுக்கட்டியிலிருந்துதான். உறவு உண்மை, ஆனால் தேடலுக்கு உதவாத உறவு.

இப்படி ஒவ்வொரு சொல்லுக்கும் முதல் ஐம்பது பதிவைக் கண்ணால் படித்து, பக்கத்தில் தேறும் தேறாது என்று குறித்தோம். அப்போதுதான் ஒரு விஷயம் தெளிவானது. நோயின் பக்கம் கட்டுப்பாட்டுச் சொல் நன்றாக உழைக்கிறது, பழக்கத்தின் பக்கம் இயல்மொழிதான் உழைக்கிறது.

நோயை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் மெஷ் என்ற கட்டுப்பாட்டுச் சொல் பட்டியலில் வாய்ப் புற்றுநோய்க்கு மவுத் நியோப்ளாசம்ஸ் என்று ஒரு தலைப்பு. ஓரல் கேன்சர், மவுத் கேன்சர், கேன்சர் ஆஃப் மவுத் என்று எப்படிக் கேட்டாலும் அங்கே கொண்டுபோய் விடும், அதன் கீழே நாக்கு, ஈறு, அண்ணம் எல்லாம் கிளை கிளையாக இருக்கும். ஆய்வாளர்கள் ஓரல் கேவிட்டி கார்சினோமா என்றும், வாய்ச் செதிள்செல் புற்றுநோய் என்றும் விதவிதமாக எழுதுவதை நாமே யோசித்துப் பிடிக்க முடியாது, தலைப்புகளின் அந்த மரம் பிடித்துக்கொடுக்கும். என்ன, உமிழ்நீர்ச் சுரப்பியும் உதடும் கூடவே வரும், அவற்றைக் கையால் எடுத்துப் போட வேண்டும். இன்னொன்று, வாய் இறுகிப் போகும் ஓரல் சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ் அந்தக் கிளையில் இல்லை. அது வாய் நோய்கள் என்ற வேறு கிளையில் உட்கார்ந்திருக்கிறது. பாக்கு மெல்பவர்களிடம் புற்றுநோய்க்கு முன்னோடியாக வருவதே அதுதான், எங்கள் கல்லூரியின் புறநோயாளிப் பிரிவில் வாயைத் திறக்க முடியாமல் இரண்டு விரல் அளவு மட்டும் திறந்து காட்டும் பையன்களை வாராவாரம் பார்க்கிறோம். புற்றுநோய்த் தலைப்பை மட்டும் நம்பினால் அவர்கள் யாரும் தேடலுக்குள் வரமாட்டார்கள்.

பழக்கத்தை எடுத்தால் நிலைமை தலைகீழ். மெஷ்ஷில் அரிக்கா இருக்கிறது, பீட்டல் நட் என்று தட்டினாலும் அங்கே அனுப்பும். ஆனால் அது தாவரங்களின் கிளையில் இருக்கிறது, பனைக் குடும்பத்தில் ஒரு மரமாக. மனிதன் அதை மென்று, அதற்கு அடிமையாகி, விட நினைத்து முடியாமல் தவிப்பது என்பது அந்த மரத்தின் கிளையில் எப்படி இருக்கும்? புகைபிடிப்பதை நிறுத்துவதற்கு மெஷ்ஷில் தனித் தலைப்பு உண்டு. பாக்கை நிறுத்துவதற்கு இல்லை. பட்டியல் போட்டவர்களின் ஊரில் அந்தப் பழக்கம் இல்லை, அவ்வளவுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். சொல் பட்டியல் எங்கே எழுதப்பட்டதோ அந்த ஊரின் வாழ்க்கைதான் அதில் தலைப்பாகும். மற்ற ஊர்க்காரர்கள் தங்கள் வாழ்க்கையைத் தேட இயல்மொழிக்குத்தான் போக வேண்டும், புவாய், புகுவா, குட்கா, சுபாரி என்று.

1960-களில் இங்கிலாந்தின் க்ரான்ஃபீல்டில் சிரில் க்ளெவர்டன் நடத்திய சோதனைகளில், ஆவணத்திலிருந்து எடுத்த சாதாரணத் தனிச்சொற்கள் கவனமாகக் கட்டிய சொல் பட்டியல்களுக்குச் சளைக்காமல் வேலை செய்தன என்று வந்தபோது நூலக உலகமே அதிர்ந்தது. படிக்கிற காலத்தில் அதை ஒரு தேர்வுக் கேள்வியாக மட்டும் படித்தேன். இந்த வாரம்தான் அது எனக்கு உறைத்தது.

சரி, திட்டம் கிடைத்ததா என்றால், கிடைத்தது. ஆனால் சொல்லை மட்டும் மாற்றி இல்லை. முதலில் ஆண்டு. ரிப்போர்ட்டரில் ஆண்டுப் பெட்டி தானாகவே நடப்பில் உள்ள திட்டங்கள் என்றுதான் நிற்கும், நாமாகத் திறந்து எல்லா ஆண்டுகளையும் தேர்ந்தெடுத்தால் ஒழிய முடிந்துபோன திட்டம் கண்ணில் படாது. இதுவரை யாரும் செய்ததில்லை என்று எழுதப் போகிறவருக்கு இன்று நடப்பவற்றை மட்டும் காட்டினால் எப்படி? அதைத் திறந்தோம். அப்புறம் துணைத்திட்டம் வேண்டாம் என்ற டிக்கை எடுத்தோம்.

திட்டம் சிக்கிய இடம் குவாம். பசிபிக் கடலில் அமெரிக்காவின் ஆட்சிக்கு உட்பட்ட தீவு. குவாம் பல்கலைக்கழகமும் ஹவாய் பல்கலைக்கழகப் புற்றுநோய் மையமும் சேர்ந்து நடத்திய ஒரு பெரிய கூட்டுத் திட்டத்துக்குத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் நிதி கொடுத்திருக்கிறது. தாய்த்திட்டத்தின் சுருக்கத்தைப் படித்தால் கூட்டு, பயிற்சி, பசிபிக் தீவு மக்களிடையே புற்றுநோய் ஏற்றத்தாழ்வு என்று போகும். அதன் மடிக்குள் இருக்கிறது பெனிட், பீட்டல் நட் இன்டர்வென்ஷன் ட்ரயல் என்பதன் சுருக்கம். குவாமிலும் சைப்பான் தீவிலும் பாக்கு மெல்பவர்களைக் கொண்டு நடந்த, சீட்டுக் குலுக்குவது போல இரண்டாகப் பிரித்து ஒப்பிட்ட சோதனை, புகையை விடவைக்கும் ஆலோசனையைப் பாக்குக்கு ஏற்றபடி மாற்றி, 22 நாளில் 5 அமர்வு. அவர் உருவாக்க நினைத்ததற்கு அக்கா முறை.

துணைத்திட்டத்தின் பதிவு திரையில் வந்ததும் அவர் பேசவில்லை. சுருக்கத்தை மெதுவாக வாசித்தார், இரண்டாவது தடவை விரலை வைத்து வாசித்தார்.

"சார், இதுல க்விட்டுங்கிற சொல் வந்திருந்தாலும் என் தேடல்ல சிக்கியிருக்காது இல்ல?"

சிக்கியிருக்காது. முதல் காரணம் அந்த டிக். இரண்டாவது, மூன்று சொல்லையும் கட்டாயமாக்கிய அந்த ஆண்ட். குவாமின் பூர்வகுடிகளான சமோரோ மக்களில் பலர் பாக்கை வெறுமனே மெல்வார்கள், சிலர் வெற்றிலையோடு. மற்ற மைக்ரோனேசியத் தீவுகளிலிருந்து வந்தவர்கள்தான் இளம் பாக்கைச் சுண்ணாம்பும் புகையிலையும் சேர்த்து மடித்துப் போடுகிறார்கள். புகையிலையைக் கட்டாயமாக்கிய தேடல் வெறும் பாக்கு மெல்பவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். அவருடைய விண்ணப்பத்தின் மையக் கேள்வியே புகையிலை இல்லாத பாக்குதான். தன் கேள்வியைத் தன் தேடலே வெளியே தள்ளியது என்று தெரிந்தபோது முகம் வாடிவிட்டது, நான் டீ வாங்கி வரச் சொன்னேன்.

மூன்றாவது வழி ஒன்றும் பார்த்தோம், அதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரிப்போர்ட்டரில் மேட்ச்மேக்கர் என்று ஒரு கருவி இருக்கிறது. 15,000 எழுத்து வரை ஒரு பத்தியை ஒட்டினால் அதை ஒத்த திட்டங்களைக் கொடுக்கும், சொல்லைத் தேர்ந்தெடுக்கும் வேலை நமக்கு இல்லை. அவருடைய விண்ணப்பச் சுருக்கத்தை அப்படியே ஒட்டினோம், சிகரெட் நிறுத்தும் திட்டங்களாக வந்தது, ஏனென்றால் அவர் சுருக்கத்தில் பாதி அதைப் பற்றித்தான். புகையிலை வாக்கியங்களை எடுத்துவிட்டு மறுபடி ஒட்டியபோது பாக்கும் வாயும் மேலே ஏறின. நம் பத்தியில் எது கனமாக இருக்கிறது என்று காட்டும் தராசாக அதை வைத்துக்கொள்ளலாம், தேடலுக்கு மாற்றாக இல்லை.

அதைவிடப் பலன் தந்தது பின்பக்கமாக நடந்தது. நல்ல கட்டுரை ஒன்று கிடைத்தால் அதன் நன்றியுரையில் கிராண்ட் எண் இருக்கும், அந்த எண்ணை ரிப்போர்ட்டரில் போட்டால் நிதி எங்கிருந்து வந்தது என்று தெரியும். சில சமயம் அந்தத் திட்டத்தின் சுருக்கத்தில் பாக்கு என்ற பேச்சே இருக்காது, நரம்பு ஏற்பிகள் என்றுதான் எழுதியிருப்பார்கள், வேலை நடக்கும்போது பாக்கின் பக்கம் திரும்பியிருப்பார்கள். எந்தச் சொல்லைப் போட்டாலும், எந்தப் பட்டியலைப் பிடித்தாலும் அந்தப் பதிவு கிடைக்காது, ஏனென்றால் சொல் அங்கே இல்லவே இல்லை. எண் ஒன்றுதான் பாலம். கிடைத்த ஒவ்வொரு நல்ல திட்டத்துக்கும் அதன் கட்டுரைகளைத் திறந்து, அவற்றில் புதிய சொல் இருந்தால் நோட்டில் சேர்த்து, அதை வைத்து மறுபடி தேடினோம். எங்கள் தொழிலில் இதை முத்து வளர்ப்பது என்பார்கள், ஒரு மணல் துகளைச் சுற்றி அடுக்கடுக்காக.

நிதித் தொகையைப் பற்றி அவர் ஒரு கேள்வி கேட்டார், பாக்குக்கு மொத்தம் எவ்வளவு செலவழித்திருக்கிறார்கள் என்று விண்ணப்பத்தில் ஓர் எண் போடலாமா என்று. வேண்டாம் என்றேன். என்ஐஎச் வெளியிடும் செலவு வகைகள் சுமார் முந்நூறு, அதில் பல், வாய், முகம் சார்ந்த நோய்கள் என்று ஒரு வகை உண்டு, அது பெரிய கூடை. ஒரே திட்டம் நான்கு கூடையில் இருக்கலாம், அதனால் கூடைகளைக் கூட்டினால் மொத்த பட்ஜெட்டைத் தாண்டிப் போகும் என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள். நாங்களாகத் திட்டங்களைக் கூட்டலாம் என்றால், ஒரே திட்டம் ஒவ்வொரு நிதியாண்டுக்கும் தனிப் பதிவாக வரும், துணைத்திட்டத்தின் பணம் தாய்த்திட்டத்துக்குள்ளும் இருக்கும். கவனமில்லாமல் கூட்டினால் ஒரு ரூபாயை மூன்று தடவை எண்ணிவிடுவோம். அந்த எண் இல்லாமலே விண்ணப்பம் நன்றாகத்தான் இருந்தது.

கடைசியில் அந்தப் பென்சில் கோடு போட்ட வரி போய்விட்டது. அதன் இடத்தில் ஒரு பத்தி வந்தது. பாக்கை விடவைக்கும் ஆய்வுக்கு என்ஐஎச் நிதி கொடுத்திருக்கிறது, பசிபிக் தீவுகளில், புகை நிறுத்தும் ஆலோசனையைத் தழுவி, அங்குள்ள மெல்லும் முறைகளுக்கு ஏற்றபடி. தெற்கு ஆசியாவில் கடையில் பாக்கெட்டாக வாங்கி மெல்லும் இளைஞர்களுக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பதே எங்கள் கேள்வி. எந்தத் தளத்தில், எந்தத் தேதியில், எந்தப் புலங்களில், எந்தச் சொற்களால் தேடினோம் என்று பின்னிணைப்பில் ஒரு பக்கம். எனக்கு அந்தப் பத்தி முந்தைய வரியைவிடப் பலமாகத் தெரிந்தது. வெறும் இடைவெளியைக் காட்டி நிதி கேட்பதைவிட, அங்கே ஒருவர் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார், இங்கிருந்து நான் போகிறேன் என்று கேட்பது நேர்மையான கேள்வி. அவரும் அப்படித்தான் நினைத்தார், ஏனென்றால் சோதனை நடத்தியவர்கள் பயன்படுத்திய அமர்வு முறையை வரிவரியாகப் படித்துவிட்டு, தன் திட்டத்தில் இரண்டு இடங்களை மாற்றினார்.

மூன்று வாரம் கழித்து, விண்ணப்பம் அனுப்புவதற்கு முந்தின நாள், மறுபடி வந்தார்.

"சார், ஒரு சொல் விட்டுட்டோம்."

"என்னம்மா?"

"சீவல். எங்க வீட்ல யாரும் பாக்குன்னே சொல்லமாட்டாங்க, கடையில போய் சீவல்னுதான் கேப்பாங்க. நேத்து அம்மா கேட்டப்பதான் எனக்கே தோணிச்சு."

ஆங்கில எழுத்தில் மூன்று விதமாக எழுதிப் போட்டுப் பார்த்தோம், எல்லா ஆண்டுகளும், துணைத்திட்டங்களும் சேர்த்து, மூன்று புலங்களிலும். நம் சீவல் எதுவும் வரவில்லை. நோட்டை எடுத்து, தேதி போட்டு, சொல்லின் மூன்று வடிவங்களையும் எழுதி, எதிரே பூஜ்யம் என்று குறித்தார்.